நாலு கைப்பேசிக்கு ஒரு மாதச் சம்பளம்! 'அளவில்லா டேட்டா' நம் வீட்டுக்கு வேண்டுமா?

சம்பளம் போட்ட மறுநாள் தோட்டப்புறத்துக் கடைகளில் சற்று நின்று பாருங்கள். அரிசி, மாவு, எண்ணெய், மீன் டின் என்று செலவுச் சாமான்கள் எல்லாம் கட்டி முடிந்த பிறகு, கடைசியாக ஒரு வாசகம் தவறாமல் வரும். "அண்ணே, அந்த அன்லிமிட்டெட் ஒன்னு போட்டு விடுங்க!" பின்னால் நிற்பவரும் அதையேதான் சொல்வார். அரிசியில் ஒரு வெள்ளி ஏறினால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கும் நாம், இந்தப் பணத்தை மட்டும் ஏன், எதற்கு என்று கேட்காமல் எடுத்து நீட்டிவிட்டு வருகிறோம்.

பாட்டாளித் தோழர்களே, இந்த வாரம் அந்தச் செலவை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் பேசுவோம். 'கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள்' என்று உபதேசம் செய்வது நம் நோக்கமல்ல. அது இன்று நடக்கக்கூடிய காரியமும் அல்ல. அளவில்லா டேட்டா திட்டத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யவேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

முதலில் கணக்கு

டேட்டாவை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விலையில் விற்கிறது. உதாரணத்துக்கு 35 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் மகன், ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் என்று நாலு பேர். நாலு கைப்பேசி. ஆக, ஒரு தடவைக்கு 140 வெள்ளி.

"மாசம் 140 தானே? பன்னிரண்டு மாசத்துக்கு 1,680. அவ்வளவுதானே?" என்பீர்கள். அதுதான் இல்லை! நாம் வாங்குவது ஒரு மாதத் திட்டம் அல்ல. 30 நாள் திட்டம். பன்னிரண்டு தடவை போட்டால் 360 நாள்தான் ஓடும். மீதி ஐந்து நாளுக்குப் பதின்மூன்றாவது தடவை போட்டாக வேண்டும். அந்த ஐந்து நாள் பங்கையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,703 வெள்ளி ஆகிறது.

2025 பிப்ரவரி முதல் நாளிலிருந்து நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? 1,700 வெள்ளி. அதிலும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் கையில் தருகிறார்கள். ஆக, விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, ஒரு மாதம் முழுக்கக் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி வாங்கும் சம்பளம் முழுவதும் போதாமல், மேலும் கொஞ்சம் போட்டுத்தான் வீட்டின் நாலு கைப்பேசிக்கும் ஓராண்டுத் தீனி போடுகிறோம்!

இது ஆடம்பரமா?

"அப்படியானால் இது வீண் செலவுதான், நிறுத்திவிடலாம்" என்று அவசரப்பட்டு யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தச் செலவு எப்படி நம் லயத்துக்குள் நுழைந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒரே டெலிபோன், அதுவும் ஆபீசில் இருந்தது. சாவுச் செய்தி என்றால் கிராணி ஆள் அனுப்புவார். மற்றதெல்லாம் கடிதம்தான். பிறகு பேசுவதற்கு மட்டும் கைப்பேசி வந்தது. 10 வெள்ளி டாப்-அப் போட்டால் பல நாள் தாங்கியது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பகல் நேரத்துக்கு நாளொன்றுக்கு 1 ஜிபி இலவசமாகக் கொடுத்தார்கள். பல பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? அதே ஆண்டில் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில், பல்கலைக்கழக மாணவி ஒருவர் சிக்னலுக்காக மரத்தின்மேல் ஏறி அமர்ந்து பரீட்சை எழுதியதை நாடே பார்த்தது. நம் தோட்டங்களிலும் மேட்டைத் தேடி ஓடாத பிள்ளைகள் குறைவு.

நோய் அடங்கிவிட்டது. ஆனால் பள்ளியின் வாட்சாப் குழு நிற்கவில்லை. கல்வியமைச்சின் 'டெலிமா' தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. ரஹ்மா ரொக்க உதவிக்கு மனுச் செய்வதும், சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும் கைப்பேசி வழியாகவே நடக்கின்றன. வங்கிகளும் மாறிவிட்டன. 2022இல் பேங்க் நெகாரா கேட்டுக்கொண்டதன் பிறகு, குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையை விட்டு, வங்கியின் செயலியிலேயே 'சரி' என்று ஒப்புதல் கொடுக்கும் முறைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த முறையில் டேட்டா இல்லாமல் பணம் அனுப்ப முடியாது.

எனவே வீட்டில் டேட்டா இருந்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. நாலு பேருக்கும் அளவில்லாமல் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

'அளவில்லை' என்றால் என்ன?

லயத்துத் தண்ணீர்ப் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பை இருபத்து நாலு மணி நேரமும் யாரும் பூட்டமாட்டார்கள். எத்தனை குடம் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் தண்ணீர் நூல் மாதிரி வந்தால்? குடம் நிறைய அரைமணி ஆகும். அளவில்லாத் திட்டமும் இப்படித்தான். அளவுக்குப் பூட்டு இல்லை. வேகத்துக்குப் பூட்டு உண்டு.

மலிவான திட்டங்களில் 3 எம்பிபிஎஸ், 6 எம்பிபிஎஸ் என்று வேகம் குறித்திருப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம்? யூடியூப்பில் 480 என்ற சாதாரணத் தெளிவில் படம் தடங்கலின்றி ஓட 1.1 எம்பிபிஎஸ் போதும். 720க்கு 2.5 வேண்டும். 1080க்கு 5 வேண்டும். ஆகவே 3 எம்பிபிஎஸ் என்பது ஒருவர் பாடம் பார்க்கத் தாராளம். அதையே ஹாட்ஸ்பாட்டில் திறந்துவிட்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் எல்லாருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும்!

கடையில் காசை நீட்டுமுன் நாலு விஷயம் கேட்க வேண்டும். வேகம் எவ்வளவு? ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டா? எத்தனை நாள்? குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்களா? 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது இந்தக் கடைசி விஷயம்தான். கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிக்னல். நம் நாட்டில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. விளம்பரத்தில் 5ஜி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளத்தில் இருக்கும் நம் லயத்துக்கு அது எட்டுகிறதா என்பதைப் பார்த்துவிட்டல்லவா காசு கொடுக்க வேண்டும்? பட்டணத்தில் நன்றாக ஓடியது என்பது சாட்சியாகாது. வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நம் வீட்டுக்குக் கூப்பிட்டு, எல்லாரும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஓடவிட்டுப் பாருங்கள். அவருடையது நன்றாக ஓடினால், நம் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். 2008ஆம் ஆண்டிலிருந்தே அந்த உரிமை நமக்கு உண்டு.

எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள்

கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் டேட்டா பயன்பாடு என்று ஓர் இடம் உண்டு. எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். திட்டம் தொடங்கும் நாளில் குறித்து, 30 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

உத்தேசமாகச் சொன்னால், வாட்சாப்பில் ஒரு மணி நேரம் பேசினால் 30 எம்பி போகும். முகம் பார்த்துப் பேசினால் 300 எம்பி. 480 தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் அரை ஜிபி. பளிச்சென்று எச்.டி.யில் பார்த்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

இப்போது நம் உதாரண வீட்டுக்கு வருவோம். அப்பா நாளுக்கு அரைமணி வாட்சாப்பில் பேசுகிறார். இரவில் அரைமணி செய்தியோ பாட்டோ பார்க்கிறார். கூட்டிப் பாருங்கள்: 30 நாளுக்கு 8 ஜிபி! அம்மாவும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்கள் இருவருக்கும் 10 ஜிபி திட்டம் போதும். மகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் பாடக் காணொளி பார்த்தால் 30 ஜிபி. மகன் எச்.டி.யில் பந்தாட்டமும் படமுமாக நாளுக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். ஆக, 70 வெள்ளி கொடுத்து அப்பாவும் அம்மாவும் வாங்கியதில் பெரும்பகுதி தொடப்படாமலே காலாவதியாகிறது.

தானாக நடக்கும் திருட்டும் உண்டு. குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும், பண்டிகை வாழ்த்துக் காணொளிகளும் நாம் தொடாமலே இறங்கிக்கொண்டிருக்கும். வாட்சாப்பில் 'தானாகப் பதிவிறக்கம்' என்பதை அடைத்துவிடுங்கள். காணொளித் தெளிவை 480க்கு இறக்குங்கள். கைப்பேசியின் சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

யாருடையதை வெட்டுவது?

இங்கேதான் பல வீடுகளில் சண்டை வருகிறது. மழை பெய்து வேலை குறைந்த மாதத்தில் பேச்சு இப்படித்தான் போகும்.

"என்னங்க, இந்த மாசம் கை ரொம்பக் கடி. ஏதாவது ஒன்ன நிறுத்தணும்."

"பொண்ணோடத நிறுத்திடு. எந்நேரமும் அதையே நோண்டிக்கிட்டு இருக்கு."

"அடுத்த மாசம் அவளுக்குச் சோதனைங்க!"

"பள்ளிக்கூடத்துல படிக்கட்டும். தம்பிக்கு வேலை விஷயமா வேணும், எனக்கு ஆபீஸ்ல கூப்பிடுவாங்க."

சிக்கனம் என்றதும் முதல் வெட்டு பெண்பிள்ளைமேல் விழுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆபீசில் கூப்பிட டேட்டா வேண்டியதில்லை. சாதாரண அழைப்பு போதும். மகனின் 100 ஜிபியில் எவ்வளவு வேலைக்குப் போனது என்று அந்த 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தாலே தெரிந்துவிடும். எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளைக்கு டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்டில், கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் காணொளிதான் டியூஷன் வாத்தியார். அவருக்குத்தான் முதலில் சீட்டைக் கிழித்துவிடுகிறோம்!

அப்பா சொல்வதில் ஒரு பாதி உண்மையும் உண்டு. திட்டத்துக்கு அளவில்லை என்றாலும் தூக்கத்துக்கு அளவு உண்டு. இரவு ஒரு மணிவரை குறும்படம் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும், மறுநாள் இருட்டில் எழுந்து கத்தியும் கோலுமாகப் போகும் தந்தைக்கும் அது கெடுதல்தான். அதற்கு மருந்து டேட்டாவை வெட்டுவதல்ல. பத்து மணிக்கு வீட்டில் எல்லாக் கைப்பேசியும் ஒரே மேசைக்கு வரட்டும். அப்பாவுடையதும் சேர்த்துத்தான்.

அம்மாவின் எண்ணையும் அலட்சியம் செய்யக்கூடாது. டாப்-அப் போடாமல் நீண்ட நாள் விட்டுவிட்டால் ப்ரீபெய்டு எண் செத்துப்போகும். வங்கிக்கும் சேமநிதிக்கும் கொடுத்த எண் அதுவாக இருந்தால், பிறகு அதை மாற்ற ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணத்துக்கு அலைய வேண்டும்.

மலிவு போல் தெரியும் பொறிகள்

"35 வெள்ளி மொத்தமாக இல்லை, வாராவாரம் 12 வெள்ளி போட்டுக்கொள்கிறேன்" என்று சிலர் செய்கிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம்; 624 வெள்ளி ஆகிறது. 30 நாள் திட்டம் என்றால் 426 வெள்ளியில் முடிந்திருக்கும். தினம் 3 வெள்ளித் திட்டம் என்றால் 1,095 வெள்ளி! முன்பு கடையில் பற்று வைத்துச் சில்லறையாக வாங்கி, சம்பள நாளில் மொத்தமாக அழுதோமே, அதே கதைதான். சின்னத் திட்டம் இரண்டொரு நாள் அவசரத்துக்கு மட்டுமே ஆகும்.

கடன் டாப்-அப் என்று ஒன்று உண்டு. இப்போது 5 வெள்ளி எடுத்தால் அடுத்த முறை அதையும், அதற்குமேல் ஒரு கட்டணத்தையும் பிடித்துக்கொள்வார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டாதவர்கள் அதைச் சொல்லி அடைத்துவிட வேண்டும்.

'புதுக் கைப்பேசி இலவசம்' என்று போஸ்ட்பெய்டுக்கு இழுப்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. 24 மாத ஒப்பந்தம் என்றால் மழை மாதத்திலும் கட்டித்தான் ஆக வேண்டும். நடுவில் விட்டால் அபராதம். பில்லில் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். ப்ரீபெய்டு என்றால் கை கடிக்கும் மாதம் சின்னத் திட்டத்துக்கு இறங்கிக்கொள்ளலாம். கூலிக்காரன் வீட்டுக்கு அந்தச் சுதந்திரம் பெரிது.

கண்ணாடியிழைக் கம்பி வந்துவிட்ட தோட்டங்களில், வீட்டுக்கு ஒரே இணையம் போடுவது நாலு கைப்பேசித் திட்டத்தைவிட மலிவாகவும் வேகமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நாம் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை போனாலோ, ஓய்வு பெற்றாலோ வீட்டையும் விட வேண்டியிருக்கும். கம்பெனி ஒப்பந்தம் நம்மோடு ஓய்வு பெறாது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, வீடு மாறினால் ஒப்பந்தம் என்னாகும் என்பதையும் விசாரித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முடிவு எப்படி எடுப்பது?

படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அளவில்லாத் திட்டம் ஒன்று இருக்கட்டும். அது அந்தப் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். அப்பா, அம்மாவுக்கு 15 வெள்ளி போன்ற சின்னத் திட்டம் போதும். குறைந்தால் மகளின் ஹாட்ஸ்பாட்டில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம், அவள் படிக்காத நேரத்தில்! மகனுக்கு அளவில்லாமல்தான் வேண்டுமென்றால் தன் சம்பளத்தில் போட்டுக்கொள்ளட்டும். சம்பாதிக்கும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டிய பாடம்.

35, 35, 15, 15. கூட்டினால் 100 வெள்ளி. ஒரு தடவைக்கு 40 வெள்ளி மிச்சம். ஆண்டுக்கு 486 வெள்ளி! யாரும் எதையும் இழக்கவில்லை. பிள்ளையின் படிப்பில் கை வைக்கவில்லை. பள்ளி திறக்கும் சமயத்தில் சீருடைக்கும் சப்பாத்துக்கும் கடன் கேட்டு நிற்காமலிருக்க அந்தப் பணம் உதவும்.

சிக்னலே எட்டாத லயம் என்றால் எந்த அளவில்லாத் திட்டமும் வேண்டாம். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய பைப் எதற்கு? நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள். ஒரு வீடு எழுதுவதைவிட, லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து, சங்கத் தலைவர் கையெழுத்தோடு எழுதினால் மரியாதை வேறு. முன்பு 'பெடி' என்று சொல்லப்பட்ட 'நாடி' மையம் பக்கத்துக் கம்பத்தில் இருந்தால், பிள்ளைகள் கணினியும் இணையமும் அங்கே பயன்படுத்த வழியுண்டு. விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த சம்பள நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு கைப்பேசியையும் நடுவில் வைத்துக் குடும்பமாக உட்காருங்கள். யார் எவ்வளவு தின்றார்கள் என்று ஒரு தாளில் மகளை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எதை வைப்பது, எதை விடுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது. உங்கள் வீட்டுக் கணக்கு எப்படி வந்தது என்று நமக்கும் நாலு வரி எழுதிப் போடுங்கள். மற்ற தோட்டத்தாருக்கும் அது உதவும்.